ஊட்டி உறைபனியில் நாய்கள்: பூட்ஸ் வேண்டாம், பலகை வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும். மதுரையிலிருந்து மாற்றலாகி ஜூன் மாதம் ஊட்டிக்கு வந்திருக்கிறீர்கள். காந்தலில் வாடகை வீடு. கூடவே இரண்டு பிள்ளைகள்: 10 வயது லாப்ரடார் பிரவுனி, 2 வயதுச் சிப்பிப்பாறை வீரா. டிசம்பர் நெருங்குகிறது. இணையத்தில் தேடினால் பனி கொட்டும் வெளிநாட்டு ஊர்களின் யோசனைகளாகவே வருகின்றன: நாய்க்கு பூட்ஸ், பாதத்துக்கு மெழுகு, ரோட்டு உப்பு. அதெல்லாம் இங்கே வேண்டுமா என்பது முதல் கேள்வி. வீட்டுக்காரர் நாயை வீட்டுக்குள் விடக் கூடாது என்கிறார், பின்பக்கத் தகர ஷெட் போதுமா என்பது இரண்டாவது. பக்கத்து வீட்டுப் பாட்டி நாயின் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்க்கச் சொல்கிறார், தேய்க்கலாமா என்பது மூன்றாவது.

மூன்றாவதுக்கு உடனே பதில்: தேய்க்காதீர்கள். காரணம் பிறகு வரும். இரண்டாவதுக்கு: போதாது. முதல் கேள்விதான் நிதானமாகப் பேச வேண்டியது. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் பிறந்து வளர்ந்தவள். 35 வருடமாக எங்கள் வீட்டில் நாய் இல்லாத குளிர்காலம் கிடையாது. மருத்துவர் இல்லை, ஆனால் தெருநாய் தடுப்பூசி முகாம்களில் நாய் பிடித்துக் கொடுக்கிற வேலையைப் பல வருடம் செய்திருக்கிறேன். என் தங்கை டொராண்டோவில் இருக்கிறாள். அவள் வீட்டிலும் ஒரு லாப்ரடார் உண்டு. ஜனவரியில் நாங்கள் போனில் பேசினால் பாதி நேரம் நாய்ப் பேச்சுதான். அந்த ஊர்க் குளிரும் நம் குளிரும் எவ்வளவு வேறு என்று அவளிடம் பேசிப் பேசித்தான் எனக்கே தெளிவானது.

அங்கே சில நாள் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். பனி முழங்கால் அளவு கிடக்கும். நடைபாதையில் உப்பைக் கொட்டிப் பனியைக் கரைப்பார்கள். அந்த உப்பு நாயின் பாதத்தை வெடிக்க வைக்கும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். பூட்ஸும் மெழுகும் அதற்காகத்தான். ஆனால் அந்த நாய் வெளியே இருப்பது எவ்வளவு நேரம்? பத்து நிமிடம், கால்மணி நேரம். கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டால் வீடு முழுக்க 20 டிகிரி. ஹீட்டர் 24 மணி நேரமும் ஓடுகிறது. தரையே வெதுவெதுப்பாக இருக்கும் என்கிறாள் தங்கை.

நம் வீட்டில் என்ன இருக்கிறது? சிமெண்டுத் தரை, ஓடோ தகரமோ போட்ட கூரை, சந்து விட்ட ஜன்னல். ஜனவரி இரவில் என் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் தெர்மாமீட்டர் 9 டிகிரி காட்டும். மாலை 6 மணிக்குச் சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை எட்டரை, ஒன்பது வரை அதே குளிர்தான். அதாவது டொராண்டோ நாய்க்குக் கடுங்குளிர் பத்து நிமிடம். ஊட்டி நாய்க்கு நடுத்தரக் குளிர் 14 மணி நேரத்துக்கும் மேல், அதுவும் ஈரத்தோடு. அங்கே காப்பாற்ற வேண்டியது பாதத்தை. இங்கே காப்பாற்ற வேண்டியது தூக்கத்தை. அதனால்தான் பூட்ஸுக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பணத்தில் படுக்கை அமையுங்கள் என்கிறேன்.

அடுத்து, பனி. ஊட்டியில் பனி கொட்டுவதில்லை, உறைபனி விழுகிறது. நவம்பரில் முதலில் நீர்ப்பனி வரும், புல்லெல்லாம் நனைந்து கிடக்கும். வானம் வெளுத்து, மேகம் விலகி, காற்றும் நின்றுபோகிற இரவுகள் வந்ததும் உறைபனி தொடங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க அதன் உச்சம். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்தைப் பார்த்து விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் தடுக்கும். இல்லாவிட்டால் தரைதான் முதலில் குளிரும், அப்புறம் தரையை ஒட்டிய காற்று. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, ரேஸ்கோர்ஸ், ஏரிப் பக்கம், உங்கள் காந்தல் எல்லாம் பள்ளம். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றியும் மன்னவனூர்ப் பக்கமும் இதே கதைதான்.

இதில் நாய்க்காரர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. செய்தியில் ‘ஊட்டியில் 4 டிகிரி’ என்று சொன்னால், அது நாலடி உயரத்தில், நிழற்கூண்டுக்குள் தொங்குகிற தெர்மாமீட்டரின் கணக்கு. அதே இரவில் புல்மட்டத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். அதனால்தான் 4 டிகிரி என்று சொன்ன காலையிலும் புல் வெள்ளையாகக் கிடக்கிறது. நாம் உணர்வது நாலடிக்கு மேலே உள்ள குளிரை. நாய் படுப்பது முதல் ஒரு அடிக்குள். நம் கையில் படுகிற குளிரை வைத்து ‘இன்றைக்குப் பரவாயில்லை’ என்று முடிவு செய்வது அதற்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் இரவு பத்து மணிக்கு வீரா படுக்கிற இடத்தில் நீங்களே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு டிசம்பரில் போனால், மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளை வைத்து மூடியிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சருகு மூட்டம் செடிக்குச் சூடு கொடுப்பதில்லை, இருக்கிற சூடு வானத்துக்குப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். நாய்க்கு நாம் செய்யப்போவதும் அதேதான். அதன் உடம்புச் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அடுப்பு ஏற்கெனவே அதனுள் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூடு தரைக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

சரி, ஷெட்டுக்கு வருவோம். தகர ஷெட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், தகரம் வியர்க்கும். இரவில் தகடு சில்லென்று ஆகும்போது உள்ளே இருக்கிற ஈரக்காற்றும் நாயின் மூச்சும் தகட்டின் அடியில் நீராகக் கோத்து நிற்கும். விடிகாலையில் அது சொட்டுச் சொட்டாக நாய்மேல் விழும். ஒரு ஜனவரி காலை, எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பின்கட்டில் கட்டியிருந்த நாயைப் பார்க்கப் போனேன். மேலே கூரை இருந்தது, கீழே சாக்கு இருந்தது, வீட்டுக்காரர்கள் குறை வைக்கவில்லை. சாக்கைத் தூக்கினேன், அப்பளம்போல் விறைத்து நின்றது. தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு வட்டப் பனிக்கட்டி. நாய் சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்து, ஒரு பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மடக்கி வைத்திருந்தது. முதுகு ரோமத்தைத் தொட்டால் ஈரம். இரவு முழுக்க அதன்மேல் பனி விழவில்லை, தகரத்திலிருந்து தண்ணீர்தான் விழுந்திருக்கிறது. உலர்ந்த ரோமத்துக்குள் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் கம்பளி. நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்று வெளியேறிவிடும், பிறகு ரோமம் இருந்தும் இல்லாத மாதிரி.

ஷெட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் குளிர் இல்லை, சிறுத்தை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. பதினாறு வருடம் முன்பு எங்களிடம் ராஜா என்று ஒரு நாட்டு நாய் இருந்தான். திண்ணையில்தான் படுப்பான், சங்கிலியில். டிசம்பர் மாதம், மூடுபனி. இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு குரைப்பு கேட்டது, அதுவும் பாதியில் நின்றுபோனது. விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தபோது சங்கிலியும் பட்டையும் மட்டும் கிடந்தன. அவிழ்த்துவிட்டிருந்தால் ஓடித் தப்பியிருப்பானோ என்று இன்றும் நினைப்பேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்குமே குடியிருப்புக்குள் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போவது அபூர்வம் இல்லை, நம் தெருக் கேமராக்களில் எத்தனையோ முறை பதிவாகியிருக்கிறது. அதன் பசிக்கு நாய் எளிதான இரை, அதிலும் கட்டிப்போட்ட நாய் தட்டில் வைத்த சோறு. ராஜாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த நாயும் இருட்டிய பிறகு கதவுக்கு வெளியே படுத்ததில்லை.

வீட்டுக்காரரிடம் குளிரைச் சொல்லிக் கேட்காதீர்கள், ‘மதுரைக்காரருக்குக் குளிர் தெரியாது’ என்று சிரித்துவிடுவார். சிறுத்தையைச் சொல்லிக் கேளுங்கள். மலைக்காரர்களுக்கு அது உடனே புரியும். கூடம் வேண்டாம் என்றால் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம், அல்லது கம்பி போட்ட சிட்அவுட், ஏதாவது ஒன்று போதும். கதவு தாழிட வேண்டும், நாலு பக்கமும் காற்று அடைபட வேண்டும். சிட்அவுட் என்றால் கம்பிக்கு உட்புறம் இடுப்பளவு பிளைவுட் அடித்து, மேலே கனமான தார்ப்பாய் இறக்கிவிடுங்கள். காலையில் சுருட்டிக் கட்டிவிடலாம். தரையைத் தினமும் நானே துடைத்துவிடுகிறேன், மாதம் இருநூறு முந்நூறு கூடத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குத்தானே. நான் கேட்டுக்கொடுத்த வீடுகளில் முக்கால்வாசி பேர் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது படுக்கை. சிமெண்டுத் தரைக்கும் நாய்க்கும் நடுவே நாலு விரல் காற்று இருக்க வேண்டும். இதுதான் முதல் விதி. பழைய காலத்தில் டீத்தூள் வந்த பலகைப் பெட்டிகளைத்தான் படுக்கவைத்து உள்ளே சாக்குப் போடுவார்கள், அதுவே வீடு. இப்போது அது கிடைப்பது கஷ்டம். மரக்கடையில் இரண்டடிக்கு மூன்றடி பலகை கேட்டு, அடியில் இரண்டு ரீப்பர் கட்டை அடித்துக்கொள்ளுங்கள். பிரவுனிக்குப் பெரிதாக வேண்டும், மூன்றடிக்கு நாலடி. பலகைமேல் பழைய கம்பளி அல்லது மெத்தைத் துண்டு. கம்பளி ஒவ்வொரு பகலும் வெயிலில் காய வேண்டும், இது கட்டாயம். நம் ஊர்ப் பகல் வெயில் நன்றாக உறைக்கும், பத்து மணிக்குப் போட்டால் மூன்று மணிக்கு எடுத்துவிடலாம். நாலு மணிக்கு மேல் வெளியே கிடந்தால் காய்ந்த கம்பளியும் மறுபடி ஈரம் வாங்கும். இரண்டு கம்பளி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது சுலபம்.

வெளியே படுக்கிற தோட்டக் காவல் நாய்களுக்கு என்றால் கம்பளியைவிட வைக்கோல் மேல். நனைந்த கம்பளி விறைத்துவிடும், வைக்கோல் நீரை அவ்வளவு பிடித்து வைக்காது, நாயே அதைக் குடைந்து குழி செய்து உள்ளே புதைந்துகொள்ளும். பனிநாடுகளிலும் வெளியே இருக்கிற நாய்க்கு வைக்கோல்தான் போடச் சொல்வார்கள். மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு கட்டு வாங்கலாம். பெட்டி நாய் திரும்பிப் படுக்கிற அளவு இருந்தால் போதும். பெரிதாகக் கட்டிவிட்டால் அதன் உடம்புச் சூட்டால் அதை வெதுவெதுப்பாக்க முடியாது.

சூடு வேண்டுமென்று அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அடைத்த அறையில் கரி மூட்டிக் குளிர் காய்ந்தபடி தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நீங்களும் படித்திருப்பீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நாயும் நாமும் சேர்ந்தே போவோம். மின்சார ஹீட்டர் என்றால் நாய் படுப்பதற்கு முன் அறையை அரைமணி நேரம் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள். ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பிரவுனியின் இடுப்புப் பக்கம் வைக்கலாம். வீராவுக்கு வேண்டாம், இரண்டு வயதுப் பிள்ளை கடித்து ஓட்டை போட்டுவிடுவான்.

இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரவுனிக்கு இரட்டை ரோமம், மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. ஜூனிலேயே நீங்கள் வந்துவிட்டதால் அடிமுடி இந்நேரம் அடர்ந்திருக்கும். அவளுக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது. அவளுக்குப் பிரச்சினை மூட்டு. காலையில் எழும்போது பின்கால் இழுத்தால், முதல் நாலடி தள்ளாடினால், அது குளிரில் கூடும். தரையில் வழுக்காமல் சாக்கு விரித்து வையுங்கள். எடை கூடாமல் பாருங்கள், மூட்டுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. நடை குறைவதால் நகம் தேயாமல் வளரும், மாதம் ஒருமுறை வெட்ட வேண்டும். அதிகம் சாப்பிடாமலே பருமனாகி, ரோமம் உதிர்ந்து, எப்போதும் சூடான மூலையைத் தேடிக்கொண்டிருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வயதான லாப்ரடார்களில் அது உண்டு, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் கட்டுப்படும். வலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ இபுப்ரோஃபனோ ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவே நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வீரா விஷயம் வேறு. சிப்பிப்பாறை தென் மாவட்டத்துக் கரிசல் வெயிலுக்கென்றே வந்த இனம். முயலைத் துரத்துவதற்கான உடம்பு: கொழுப்பே இல்லை, தோல் மெல்லிசு, ரோமம் ஒட்ட வெட்டிய மாதிரி. ராஜபாளையம், கோம்பை, கன்னி எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வேன். மலையில் பிறந்த தெருநாய்க்கு அடிமுடி வளர்கிற மாதிரி இவனுக்கு வளராது. அவனுக்கு ஸ்வெட்டர் வேண்டும், நாய்க்கடை ஸ்வெட்டர்தான் வேண்டும் என்பதில்லை. தாவரவியல் பூங்கா போகிற வழியில் திபெத்தியர் மார்க்கெட் இருக்கிறதே, அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கான கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்குங்கள். கழுத்து வழியே தலையை விட்டு, இரண்டு கைகளிலும் முன்னங்கால்களை விடுங்கள். கைகளை முழங்காலுக்கு மேல் இருக்கும்படி வெட்டி, நூல் பிரியாமல் மடித்துத் தையுங்கள். அடிப்பக்கத்தை அவன் சிறுநீர் கழித்தால் நனையாத அளவுக்கு வயிற்றின் பாதிவரை அரைவட்டமாக வெட்டிவிடுங்கள். முதுகுப் பக்கம் வால் தொடக்கம் வரை வர வேண்டும். மார்பில் உங்கள் நாலு விரல் தாராளமாகப் போக வேண்டும். போட்ட இரண்டாம் நாள் முன்னங்கால் அக்குளைத் தூக்கிப் பாருங்கள், அங்கேதான் உராய்ந்து சிவக்கும். நனைந்த ஸ்வெட்டரை உடனே கழற்றுங்கள், அது ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசம். காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள். பகலில் 20 டிகிரியும் மலை வெயிலும் சேர்ந்தால் கம்பளிக்குள் மூச்சு வாங்கும்.

பாதத்துக்கு பூட்ஸ் ஏன் வேண்டாம் என்றால், நாயின் பாதம் நம் பாதம் போன்றதில்லை. பாதத்துக்குள் சூடான ரத்தம் போகிற நாளமும் குளிர்ந்த ரத்தம் திரும்புகிற நாளமும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. போகிற ரத்தம் தன் சூட்டைத் திரும்புகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடும், உடம்புக்குக் குளிர்ந்த ரத்தம் போய்ச் சேராது. உறைபனிப் புல்லில் ஐந்து நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகாது. இங்கே உப்பும் போடுவதில்லை. பாதத்தில் பார்க்க வேண்டியது ஈரம். விரல்களுக்கு நடுவே ஈரம் தங்கினால் தோல் வெளுத்து, புண்ணாகி, நக்கி நக்கிப் பழுப்பாகிவிடும். வாசலில் ஒரு பழைய துண்டு தொங்கட்டும். உள்ளே வரும்போதெல்லாம் நாலு காலும், வயிறும். பிரவுனியின் விரலிடுக்கு முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். வெடிப்பு தெரிந்தால் இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

நடை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மதுரையில் ஐந்தரைக்கு எழுந்து நடந்திருப்பீர்கள், இங்கே அது ஆகாது. உறைபனி இருக்கும்போதுகூட நாய் அவ்வளவு நனையாது, வெயில் பட்டு எட்டரை மணிக்கு அது உருகும்போதுதான் புல் முழுக்கத் தண்ணீராகி வயிறு வரை நனைத்துவிடும். ஆபீஸ் போகும் முன் என்றால் தார் ரோட்டிலேயே பதினைந்து நிமிடம் போதும், புல்லில் இறக்காதீர்கள். நல்ல நடை மாலை நாலு மணிக்கு, ஐந்தரைக்குள் வீடு. விடுமுறை நாளில் பத்து மணி. இருட்டிலும் மூடுபனியிலும் போகக் கூடாது என்பதற்குக் காட்டுமாடும் ஒரு காரணம். மஞ்சுக்குள் பத்தடி தூரத்தில் நிற்கும், தெரியாது. நாய் குரைத்துக்கொண்டு பாயும், அது துரத்த ஆரம்பித்ததும் நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே ஆயிரம் கிலோ மாடும் வரும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் மனிதர்கள் அடிபட்டது பெரும்பாலும் இப்படி நெருங்கிப்போன நேரங்களில்தான். கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும்.

குளியலை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துவிடுங்கள். நல்ல வெயில் நாளில் 11 மணிக்குத் தொடங்கி, வெந்நீர் விளாவி, ஒரு மணிக்குள் தோல்வரை காய்ந்திருக்க வேண்டும். லாப்ரடார் மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரலை விட்டால் அடிமுடி சொதசொதவென்று இருக்கும். அதனால் விரலை விட்டுப் பாருங்கள். மற்ற நாளில் சீப்பு போதும்.

இப்போது பாட்டியின் தைலம். நம் ஊரில் சளி என்றால் கை தானாக நீலகிரித் தைலத்துக்குப் போகும், பாட்டி பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் யூகலிப்டஸ் எண்ணெய் நாய்க்கு விஷம். நாம் தேய்த்தால் தோலோடு போகும். நாய் தேய்த்த இடத்தை நக்கி விழுங்கிவிடும், தோல் வழியாகவும் ஏறும். கேத்தியில் ஒரு வீட்டில் நாலு மாதக் குட்டிக்கு இரவு நெஞ்சிலும் மூக்கிலும் தடவியிருந்தார்கள். காலையில் எனக்கு ஆள் வந்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், நிற்கவைத்தால் குடித்தவன்போல் சாய்கிறது, இரண்டு தரம் வாந்தி. தேய்த்த இடத்தை மிதமான சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, துடைத்து, மடியில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்துக்கொண்டது. கோத்தகிரிப் பக்கக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலமும் ஆகாது, அதில் இருப்பது ஆஸ்பிரின் வகைச் சரக்கு. அறையில் ஆவி பிடிக்கிற கருவியில் இந்த எண்ணெய்களைச் சொட்டு விடுவதும் வேண்டாம்.

நாய்க்கு உண்மையாகவே சளி என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள். கொக்கரிக்கிற மாதிரி வறட்டு இருமல் என்றால் பெரும்பாலும் கென்னல் காஃப் என்கிற தொற்று இருமல், ஓய்வில் அடங்கும். ஆனால் மூக்கிலும் கண்ணிலும் பீளை, காய்ச்சல், சோறு வேண்டாம் என்றால் டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமிக்குக் குளிர் பிடிக்கும், வெயில் ஊரைவிட இங்கே வெளியில் அதிக நேரம் உயிரோடு இருக்கும். குளிர் மாதங்களில் குட்டிகள் கொத்துக் கொத்தாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரின் தடுப்பூசிச் சீட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள், ரேபிஸ் ஊசியும் சேர்த்துத்தான். 1907-லேயே வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அந்த மலையில் இருந்துகொண்டு ஊசி போடாமல் நாய் வளர்ப்பது நியாயமில்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டாம். வெளியே படுக்கிற நாய்க்குத்தான் குளிரில் கூடுதல் தீனி வேண்டும். பிரவுனிக்கு வழக்கத்துக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். வீராவின் விலாவைத் தடவிப் பாருங்கள், எலும்பு முன்பைவிடக் கூர்மையாகத் தட்டினால் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிச் சோறும் சேருங்கள். சோற்றை வெதுவெதுப்பாக வையுங்கள். குளிரில் நாய் தண்ணீர் குறைத்துக்கொள்ளும், காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் குடிக்கும், அல்லது சோற்றில் கறி வேகவைத்த உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய ஆபத்து: சாக்லேட். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் ஊட்டியில் வீட்டுக்கு வீடு ஹோம்மேட் சாக்லேட் பெட்டி, பிளம் கேக். அதில் இருக்கும் தியோப்ரோமின் நாய்க்குச் செரிக்காது. வீரா எடை நாய்க்கு 100 கிராம் டார்க் சாக்லேட் போதும், வாந்தியும் படபடப்பும் நடுக்கமும் வரும், அதற்கு மேல் போனால் வலிப்பு. கேக்கில் போடுகிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள், முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். கார் வைத்திருந்தால் ரேடியேட்டர் கூலன்ட் ஒழுகுகிறதா என்று தரையைப் பாருங்கள், அது இனிக்கும், நக்கினால் உயிர்போகும். டொராண்டோ யோசனைகளில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்று.

குளிர் ஏறிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுங்கினால் பயப்படாதீர்கள், உடம்பு போராடுகிறது, உள்ளே கொண்டுவந்து துடைத்தால் அடங்கும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால்தான் பயப்பட வேண்டும். தூங்கி வழியும், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கும், ஈறு வெளுத்திருக்கும், காது நுனி ஐஸ்போல் இருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 99-க்குக் கீழே என்றால் சூடாக்கத் தொடங்குங்கள், 97-க்குக் கீழே என்றால் சூடாக்கிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். சூடாக்குவது என்றால் முதலில் உலர்த்துவது, அப்புறம் கம்பளியில் சுற்றி, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையை மார்புக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வைப்பது. கைகால்களைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, வெந்நீரில் இறக்கக் கூடாது. பிரவுனி வயதுக்கு இந்த விஷயத்தில் தாமதம் ஆகாது.

உங்கள் வாசலில் ஒரு கறுப்புத் தெருநாய் வந்து படுக்கிறது, அதற்கு ஏதாவது செய்யலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு மரியாதை வந்ததே அந்த வரியில்தான். செய்யலாம். மரப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, அதன் வாசல் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி, அடியில் இரண்டு செங்கல், உள்ளே வைக்கோல். பெட்டியின் வாசல் ரோட்டைப் பார்த்திருந்தால் காற்றும் அடிக்கும், நாயும் பயந்து உள்ளே போகாது. முதல் நாள் பெட்டிக்குள் கொஞ்சம் சோறு வைத்தால் பழகிவிடும். காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள், இரவு நின்ற இன்ஜின் சூட்டைத் தேடி அங்கேதான் படுத்திருக்கும்.

பிப்ரவரி பாதியில் உறைபனி ஓயத் தொடங்கும். ஆனாலும் நடுவில் ஒரு நாள் திடீரென்று வானம் வெளுத்துப் புல் வெள்ளையாகும், அதனால் மாசி முடியும்வரை வீராவின் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மார்ச்சில் பிரவுனியின் அடிமுடி கொத்துக் கொத்தாக வரும், அப்போது தினமும் சீப்பு போட வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் பலகை. இந்த வாரமே மரக்கடைக்குப் போய்விடுங்கள் தம்பி, டிசம்பர் முதல் வாரத்துக்குள் இரண்டும் அதில் படுத்துப் பழகியிருக்க வேண்டும்.